போர் முடிந்த ஜெர்மனியின் உள்ளூர்த் தபால்தலைகள்: சேகரிக்கத் தொடங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

என் மேசையில் ஓர் உறை இருக்கிறது. மட்டமான, பழுத்துப்போன தாள். வலது மூலையில் 12 பெனிக் (அன்றைய ஜெர்மன் சில்லறைக் காசு) விலையுள்ள சிவப்பு ஹிட்லர் தபால்தலை ஒட்டியிருக்கிறது, ஆனால் முகத்தைக் காணோம். கார்க்கின் அடிப்பக்கத்தை மையில் தொட்டு அழுத்தியது போல ஒரு கறுப்பு வட்டம் அந்த முகத்தை மூடிக்கிடக்கிறது. அதன் மேல் சாக்சனி மாநிலத்து ஊர் ஒன்றின் முத்திரை, 1945 ஜூன் மாதத் தேதியோடு.

அரசு விழுந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. புதுத் தபால்தலை அச்சடித்து அனுப்ப பெர்லினில் யாரும் இல்லை, அனுப்பினாலும் கொண்டுவர ரயில் இல்லை. அலமாரியில் மிச்சம் இருந்ததெல்லாம் ஹிட்லர் முகம் போட்ட தாள்கள். அந்த ஊர் அஞ்சல் ஊழியர் ஒரு கார்க்கையும் மைத்திண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டார். ஒரு நாடு நொறுங்கிக் கிடந்தபோது கடிதம் மட்டும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை இந்த ஒற்றை உறை சொல்லிவிடுகிறது. நான் இந்தத் துறைக்குள் வந்தது அதனால்தான்.

ஆனால் இது எச்சரிக்கையோடு நுழைய வேண்டிய துறை. போலி இங்கே கொட்டிக் கிடக்கிறது. போலியில் மாட்டாமல் இருக்க நான் கற்றுக்கொண்ட வழி ஒன்றுதான்: தனித் தபால்தலையை வாங்காதீர்கள், பயணம் போன கடிதத்தை வாங்குங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் இதைச் சுற்றியே வரும்.

படி 1: எந்தத் தட்டில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1945 மே 8-இல் ஜெர்மனி சரணடைந்தது. நாடு அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு, சோவியத் என நான்கு மண்டலங்களாகப் பிரிந்தது. அக்காலத் தபால்தலைகளை மூன்று தட்டுகளாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

மேல் தட்டு, மண்டலம் முழுவதற்கும் பொதுவான வெளியீடுகள். அமெரிக்க, பிரிட்டிஷ் பகுதிகளில் நடுவே பெரிய எம் எழுத்து போட்ட 'ஏ.எம். போஸ்ட்', அதாவது நேசநாட்டு ராணுவ அஞ்சல், தலைகள் வந்தன. போர் முடிவதற்கு முன்பே, 1945 மார்ச் 19-இல், ஆகன் நகரில் அவை விற்பனைக்கு வந்துவிட்டன. வாஷிங்டன், லண்டன், பிரவுன்ஷ்வைக் என மூன்று இடங்களில் அச்சானவை. பிரெஞ்சு மண்டலத்தில் மாநிலச் சின்னங்களும் கோதே, ஷில்லர், ஹைனே ஆகிய கவிஞர்களின் முகங்களும் வந்தன. இவை எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. கை பழக நல்லவை.

நடுத் தட்டு, சோவியத் மண்டலத்தின் வட்டார வெளியீடுகள். அங்கே மண்டலத்துக்கு ஒரே தலை என்று இல்லை. பெர்லின், ஷ்வெரின், ட்ரெஸ்டன், லைப்சிக், ஹாலே, எர்ஃபுர்ட் ஆகிய ஊர்களில் இருந்த அஞ்சல் தலைமை இயக்ககங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வெளியிட்டன. பெர்லின் தலைகளில் கரடி இருக்கும். ட்ரெஸ்டனின் முதல் தலை ஒரு தனிக் கதை. 12 பெனிக், சிவப்பு, அதன்மேல் ரஷ்ய எழுத்தில் 'போச்தா', அதாவது அஞ்சல். 1945 ஜூன் 23-இல் விற்பனைக்கு வந்து, அன்றே திரும்பப் பெறப்பட்டது. சேகரிப்பாளர்கள் எல்லோரும் அறிந்த அரிய தலை அது.

கீழ்த் தட்டுதான் நம்முடையது: ஒரு நகரமோ ஒரு சிற்றூர் அஞ்சல் அலுவலகமோ தன் தேவைக்குத் தானே செய்துகொண்டவை. ஜெர்மன் சேகரிப்பாளர்கள் இவற்றை 'லோகால் ஆவுஸ்காபன்', உள்ளூர் வெளியீடுகள், என்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லாமே சோவியத் மண்டலத்தைச் சேர்ந்தவை, அதிலும் சாக்சனி, பிராண்டன்பர்க் பகுதிகள்தான் மிகுதி. மேற்குப் பக்கத்தில் பார்சிங்ஹவுசன், டிடிசே, சவுல்கவ் போல ஒரு சில ஊர்களே உண்டு.

1946 பிப்ரவரியில் அமெரிக்க, பிரிட்டிஷ், சோவியத் மண்டலங்கள் மூன்றுக்கும் பொதுவான எண் தலைகள், அதாவது விலை எண்ணையே படமாகக் கொண்ட தலைகள், வந்தன. அதன் பிறகு உள்ளூர் ஏற்பாடுகளுக்குத் தேவை குறைந்தது. ஆகவே, நம் காலம் முக்கியமாக 1945 மே முதல் 1946 வரை. குறுகிய காலம்தான், ஆனாலும் ஆயுள் முழுக்கத் தோண்டலாம்.

படி 2: வகைகளைப் பிரித்துப் பழகுங்கள்

முதல் வகை, கறுப்பு பூசியவை. ஹிட்லர் தலைகளை கார்க், ரப்பர் முத்திரை, தூரிகை என்று கையில் கிடைத்ததால் மறைத்தவை. 'சாக்சனிக் கறுப்பு' என்றே இவற்றுக்குப் பெயர். 1945 மே, ஜூன் மாதங்களில், ட்ரெஸ்டன், லைப்சிக், கெம்னிட்ஸ் வட்டாரங்களில் இது பரவலாக நடந்தது.

இரண்டாவது, அதே பழைய தலைகளின் மேல் வாசகமோ சின்னமோ குத்தியவை. மைசன் ஊரில் 'டாய்ச்லாண்ட்ஸ் ஃபெர்டெர்பர்' என்று குத்தினார்கள். ஜெர்மனியைக் கெடுத்தவன் என்று பொருள். அந்த முகத்தின் மேலேயே அந்தச் சொல்லைக் குத்திய கையில் எவ்வளவு ஆத்திரம் இருந்திருக்கும்! க்ளவ்கவ், டேபெல்ன், லேபாவ் ஆகிய ஊர்களுக்கும் இப்படிச் சொந்த மேலச்சுகள் (தலையின் மேல் பிறகு குத்திய வாசகங்கள்) உண்டு. ஷ்வார்ட்சென்பெர்க் தனிக் கவனத்துக்கு உரியது. எந்தப் படையும் நுழையாததால் அந்த வட்டாரம் சுமார் 6 வாரம் யார் ஆட்சியிலும் இல்லாமல் இருந்தது. அந்தக் கதையின் ஈர்ப்பாலேயே அதன் தலைகளைப் போலி செய்பவர்களும் அதிகம்.

மூன்றாவது, கட்டணச் சீட்டுகள். தலையே இல்லாத ஊரில் ஊழியர் காசை வாங்கிக்கொண்டு, உறையின் மேல் 'கெப்யூர் பெட்சால்ட்', கட்டணம் செலுத்தப்பட்டது, என்று முத்திரை குத்தினார் அல்லது கையால் எழுதினார். சில ஊர்களில் அதையே சிறு சீட்டுகளாக அச்சடித்து ஒட்டினார்கள். பெர்லினுக்குக் கிழக்கே உள்ள ஃப்ரெடெர்ஸ்டார்ஃபும் லவுசிட்ஸ் பகுதியின் க்ரோஸ்ரேஷனும் இதற்குப் பேர்போனவை. பார்வைக்கு எளிமையான காகிதத் துண்டுகள்தான். எனக்கு மிகவும் பிடித்த வகையும் இதுதான்.

நான்காவது, நகரங்கள் புதிதாக அச்சடித்த அழகான தலைகள். கோட்புஸ், ஃபின்ஸ்டர்வால்டே, ஷ்பிரெம்பெர்க், ஷ்ட்ராவுஸ்பெர்க், பிளாவன் போன்றவை. பெரும்பாலும் முக விலையோடு ஒரு கூடுதல் தொகையும் அச்சிட்டிருக்கும். இடிந்த ஊரைத் திரும்பக் கட்ட அந்தக் கூடுதல் பணம் போகும். நோக்கம் உண்மையானது. ஆனால் இவற்றில் கணிசமான பகுதி நேராகச் சேகரிப்பாளர்களின் ஆல்பங்களுக்கே போனது. அதனால் பயன்படுத்தாத முழு செட் எளிதில் கிடைக்கும், ஒரு சாதாரண மனிதர் தன் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் ஒட்டியது கிடைப்பது அரிது. விலையும் அதற்கேற்ப மாறும்.

இவற்றுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர். ஒன்று, நடுத் தட்டின் வட்டாரத் தலைகள், பிரித்துக் கிழிக்க உதவும் துளைகள் இல்லாத தாளாக வந்து சேர்ந்தபோது ஊர் அஞ்சல் அதிகாரி தானே துளையோ கீறலோ போட்டுக்கொண்டவை. ட்ரெஸ்டன் பக்கத்தில் கோஸ்விக், க்ரோஸ்ரேர்ஸ்டார்ஃப், லோஷ்விட்ஸ், ரோஸ்வைன் ஆகியவை பெயர் பெற்றவை. மற்றொன்று, 1948-இன் வட்டாரக் கைமுத்திரைகள். மேற்கில் நாணயம் மாறியதும் அங்கே செல்லாமல் போன பழைய தலைகள் கிழக்கே வெள்ளமாக வந்துவிடக் கூடாது என்று, சோவியத் மண்டல அலுவலகங்கள் தங்கள் கையிருப்பின்மேல் வட்டார எண்ணையும் ஊர்ப் பெயரையும் குத்தின. 14 என்றால் ட்ரெஸ்டன், 16 எர்ஃபுர்ட், 20 ஹாலே, 27 லைப்சிக், 36 போட்ஸ்டாம், 41 கெம்னிட்ஸ். 1948 ஜூன் 24 முதல் ஜூலை 10 வரைதான் அவை செல்லுபடியாகின. அது தனிக் கடல். தொடங்கும்போதே அதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

படி 3: வேலி போடுங்கள்

எல்லாவற்றையும் சேர்க்கிறேன் என்று கிளம்பினால் பணமும் போகும், பொறுமையும் போகும். ஒரே ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள். அல்லது ஒரே வகையை ஒரு சிறு வட்டாரத்துக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரின் முத்திரையை ஐம்பது உறைகளில் பார்த்த கண்ணுக்கு, ஐம்பத்தொன்றாவது போலியாக இருந்தால் சட்டென உறுத்தும். ஐம்பது ஊர்களுக்கு ஒவ்வொன்று பார்த்த கண்ணுக்கு எதுவும் உறுத்தாது.

தொடங்குபவருக்கு நான் சொல்வது இது: முதல் ஆறு மாதம் 'கெப்யூர் பெட்சால்ட்' உறைகளை மட்டும் வாங்குங்கள். விலை குறைவு. சாதாரணமானவற்றைப் போலி செய்து யாரும் பெரிய லாபம் பார்க்க முடியாது. ஊர், தேதி, கட்டணம், முத்திரை எல்லாவற்றையும் படிக்கும் பழக்கம் வந்துவிடும். அப்புறம் தலைகள் பக்கம் வரலாம்.

படி 4: கருவிகளும் கேட்டலாக்கும்

கருவிகளுக்கு அதிகச் செலவு இல்லை. 10 மடங்கு பெரிதாக்கும் லூப், கூர்மையில்லாத இடுக்கி, துளைகளை எண்ணும் அளவுகோல், ஒரு புற ஊதா விளக்கு. விளக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கேட்டலாக் என்றால் மிஷேல் நிறுவனத்தின் ஜெர்மனி சிறப்புப் பதிப்பு, அதில் 2-ஆம் தொகுதி. 1945 மே மாதத்துக்குப் பிறகான எல்லாம் அதில்தான். பொதுவான உலகக் கேட்டலாக்குகளில் இந்த ஊர்த் தலைகளைப் பெரும்பாலும் காண முடியாது. ஜெர்மன் தெரியாதே என்று தயங்க வேண்டாம். அடிக்கடி வருகிற சொற்கள் முப்பது நாற்பதுதான், ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். இரண்டு நட்சத்திரம் என்றால் பசை முழுமையாக உள்ள புதுத்தலை, ஒரு நட்சத்திரம் என்றால் ஹிஞ்ச் (ஆல்பத்தில் ஒட்டப் பயன்படும் சிறு தாள்) ஒட்டிய தடம் உள்ளது, அடைப்புக்குறிக்குள் நட்சத்திரம் என்றால் பசை இல்லாதது. உள்ளூர் வெளியீடுகளில் பல தொடக்கத்திலேயே பசையில்லாமல் வந்தவை. ஆகவே அங்கே பசை இல்லாதது குறையல்ல. பசை இல்லாமல் வந்த தலையின் பின்னால் பளபளவென்று பசை இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கேட்டலாக்கில் ஊருக்குக் கீழே வரும் சிறு எழுத்துக் குறிப்புகளைத் தவறாமல் படியுங்கள். அந்தத் தலை மேலிடத்து அனுமதியோடு வந்ததா, கண்டும் காணாமல் விடப்பட்டதா, வியாபாரிக்காகச் செய்ததா, மறு அச்சு உண்டா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு, 1945-க்குப் பிந்தைய ஜெர்மன் அவசர ஏற்பாடுகளுக்கென்றே ஜெர்மனியில் ஓர் ஆய்வுக் குழு இயங்குகிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு தனியாகத் தடவுவதைவிட அப்படி ஒரு குழுவின் துணை நல்லது.

படி 5: கட்டணத்தை மனப்பாடம் செய்யுங்கள்

ஒரு பொய் உறையை முதலில் காட்டிக்கொடுப்பது கட்டணக் கணக்குதான். முத்திரையைப் போலி செய்பவன் அதைப் பல நேரம் மறந்துவிடுகிறான்.

1946 பிப்ரவரி இறுதி வரை உள்நாட்டுக் கட்டணம் இப்படி இருந்தது:

உள்ளூர் அஞ்சலட்டை 5 பெனிக்
வெளியூர் அஞ்சலட்டை 6
உள்ளூர்க் கடிதம் (20 கிராம் வரை) 8
வெளியூர்க் கடிதம் (20 கிராம் வரை) 12
பதிவுக் கட்டணம் கூடுதலாக 30
விரைவு அஞ்சல் கூடுதலாக 40

1946 மார்ச் 1-இல் இவை அனைத்தும் ஒரே நாளில் இரட்டிப்பாயின. வெளியூர்க் கடிதம் 24, அட்டை 12, பதிவு 60.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 1945 டிசம்பரில் வெளியூருக்குப் போன சாதாரண எடைப் பதிவுக் கடிதத்துக்கு 12-உம் 30-உம் சேர்ந்து 42 பெனிக். 1946 ஏப்ரலில் அதே கடிதத்துக்கு 84. பொது எண் தலைகளில் 84 பெனிக்குக்கு ஒரு தலை ஏன் இருக்கிறது என்று வியந்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

கூடுதல் தொகை உள்ள தலைகளில் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு தலையில் 12+8 என்று இருந்தால் அஞ்சலுக்கு 12 மட்டுமே கணக்கு. அந்த 8 ஊர் கட்டப் போனது. உறையில் உள்ள எல்லா எண்களையும் கூட்டி, கட்டணம் சரியாக இருக்கிறது என்று விற்பவர் சொன்னால் அவர் கூட்டிய விதத்தைப் பாருங்கள்.

கணக்கு இடித்தால் உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. உறை 20 கிராமுக்கு மேல் இருந்திருக்கலாம். அப்போது வெளியூர்க் கடிதத்துக்கு 24, மார்ச்சுக்குப் பிறகு 48. காசு குறைந்திருந்தால் கடிதத்தைப் பெற்றவரிடம் அபராதம் வசூலித்த குறிப்பு நீல அல்லது சிவப்புப் பென்சிலில் இருக்கும். தொகை கூடுதலாக இருந்தால், அதிலும் முழு செட்டும் வரிசையாக ஒட்டியிருந்தால், அது சேகரிப்பாளர் தனக்குத் தானே செய்துகொண்ட உறை. 'சாட்ஸ்பிரீஃப்' என்பார்கள். அது போலி என்று சொல்ல முடியாது. ஆனால் தேவைக்காகப் போன கடிதத்தின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

படி 6: உறையைச் சோதிக்கும் முறை

முதலில் பேசிய அந்தக் கறுப்புத் தலை உறையையே எடுத்துக்கொள்வோம். நான் எந்த வரிசையில் பார்க்கிறேன் என்பதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் விளக்கு. அறையை இருட்டாக்கி, புற ஊதா ஒளியில் உறையைப் பிடிக்கிறேன். தாள் மங்கலாக, பழுப்பாக அப்படியே இருக்கிறது. தாளை வெள்ளையாகக் காட்டும் ஒளிர்பொருட்கள் 1950-களில்தான் பரவலாயின. 1945 உறையோ சீட்டோ நீலவெள்ளையாக ஜொலித்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம்.

அடுத்து உறையே. காகிதப் பஞ்சம் பிடித்த காலம் அது. பழைய உறையைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒட்டியிருப்பார்கள், அலுவலகப் படிவத்தின் பின்பக்கத்தை மடித்து உறையாக்கியிருப்பார்கள். என் உறையும் உள்ளே ஏதோ படிவம் அச்சிட்ட தாள்தான். இப்படிப்பட்ட ஏழை உறைகள் எனக்கு நம்பிக்கை தருகின்றன. அழகான, கசங்காத, நடுவில் மடிப்புகூட இல்லாத உறைகளை இரண்டு முறை பார்க்கிறேன்.

மூன்றாவது முகவரி. யாருக்கு, எதற்கு? தனி மனிதரின் கையெழுத்தில் தனி மனிதருக்கா, அல்லது ஒரே கையெழுத்தில் ஒரே சேகரிப்பாளருக்கு நூறு ஊர்களிலிருந்தா? முகவரியில் ஊர்ப் பெயருக்கு முன் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் வரும். அது போர்க்காலத்திலேயே தொடங்கிய அஞ்சல் வட்டார எண். பிராண்டன்பர்க் 2, மெக்லென்பர்க் 3, சாக்சனி 10, துரிங்கியா 15. முகவரி எண்ணும் ஊரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கடிதம் போன இடமும் முக்கியம். மண்டலம் விட்டு மண்டலம் கடிதப் போக்குவரத்து 1945 அக்டோபர் இறுதியில்தான் திறந்தது, வெளிநாட்டுக்கு 1946 ஏப்ரலில். 1945 ஜூனில் சாக்சனியிலிருந்து பிரிட்டிஷ் மண்டலத்து ஹாம்பர்க் போன சாதாரணக் கடிதம் என்று யாராவது காட்டினால், அது எந்த வழியில் போயிருக்கும் என்று அவரிடமே கேளுங்கள்.

நான்காவது, மையின் அடுக்கு. லூப்பை வைத்து நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். கறுப்பு எப்போது பூசப்பட்டது? விற்பதற்கு முன் தாளிலேயே பூசியிருந்தால் கறுப்பு தலையின் விளிம்போடு நிற்கும், உறை மேல் வழியாது, பக்கத்துத் தலைக்குப் பூசியதன் துணுக்கு ஓரத்தில் தெரியலாம். உறையில் ஒட்டிய பிறகு பூசியிருந்தால் கறுப்பு தலையைத் தாண்டி உறையிலும் படிந்திருக்கும். அந்த அலுவலகத்தின் வழக்கம் எது என்று கேட்டலாக்கோ ஆய்வுக் குழுவின் கைநூலோ சொல்லும். எப்படியானாலும் தேதி முத்திரையின் மை கறுப்பின் மேல் ஏறியிருக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் கறுப்பின்மேல் முத்திரைக் கோடு மெல்லப் பளிச்சிடும். முத்திரைக்கு மேலே கறுப்பு படர்ந்திருந்தால், போர்க்காலத்தில் சாதாரணமாகப் போன உறைமேல் பிற்பாடு யாரோ மை தடவியிருக்க வாய்ப்பு அதிகம்.

அச்சிட்ட மேலச்சு என்றால் லூப்பில் எழுத்தின் ஓரங்களைப் பாருங்கள். உலோக எழுத்தால் அழுத்தியதற்கு ஓரத்தில் மை சற்று தடித்து, பின்பக்கம் லேசான புடைப்பு தெரியும். புள்ளி புள்ளியாகப் பல நிறங்கள் தெரிந்தால் அது இன்றைய பிரிண்டரின் வேலை.

ஐந்தாவது, தேதி முத்திரை. ஊர்ப் பெயரின் எழுத்துவடிவம், கீழே உள்ள சிறு அடையாள எழுத்து, தேதி எண்களின் உயரம். அதே ஊரின் மலிவான உறைகளில் உள்ள முத்திரையோடு ஒப்பிடுங்கள். மலிவான உறைகளை வாங்கிக் குவிக்கச் சொன்னது இதற்காகவும்தான். இன்னொன்று, முத்திரைக் கருவி உண்மையாக இருந்தும் தேதி பொய்யாக இருக்கலாம். தெரிந்த ஊழியரைப் பிடித்துப் பழைய தேதி போட்டு வாங்கியவர்கள் உண்டு. அப்போது முத்திரை உங்களைக் காப்பாற்றாது. கட்டணமும் பாதையும், சேர்ந்த ஊரில் பின்பக்கம் குத்திய வரவு முத்திரையும்தான் காப்பாற்றும்.

பதிவுக் கடிதமானால் பதிவுச் சீட்டையும் பாருங்கள். முறையான சீட்டுகள் தீர்ந்துபோய், வேறு ஊர்ச் சீட்டில் பெயரை அடித்துத் தங்கள் ஊரை எழுதிய அலுவலகங்கள் இருந்தன. அது குறையாகாது, காலத்தின் சாட்சி.

என் உறைக்கு 12 பெனிக், வெளியூர்க் கடிதம், 1945 ஜூன், அதே மாநிலத்துக்குள் போனது. கணக்கு சரி, பாதை சரி, மை அடுக்கு சரி.

படி 7: எங்கே வாங்குவது, எதை வாங்கக் கூடாது

ஜெர்மன் ஏல நிறுவனங்கள், ஃபிலாசர்ச், டெல்காம்ப் என்ற இணையதளங்கள், ஈபேயின் ஜெர்மன் தளம் ஆகியவற்றில் இவை தொடர்ந்து வரும். எங்கே வாங்கினாலும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டின் படத்தையும் கேளுங்கள். சான்று கிடைக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் தொடக்கத்தில் ஒரு தவறு செய்தேன். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம், கறுப்பு பூசிய ஹிட்லர் தலைகள் இருபது, எல்லாம் பயன்படுத்தாதவை, ஒரே தொகுப்பாக வாங்கினேன். ஆறு ஊர்களின் பெயர்கள் பென்சிலில் குறித்திருந்தன. அனுபவமுள்ள ஒரு சேகரிப்பாளரிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: 'இந்த மை 1945-இல் பட்டது என்று எது சொல்கிறது?' என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பாருங்கள். அடியில் இருக்கும் ஹிட்லர் தலை கோடிக்கணக்கில் அச்சானது, இன்றும் சல்லிக்காசுக்குக் கிடைக்கும். விலை முழுக்க அந்த மைக்கறைக்குத்தான். அந்தக் கறையை எவரும், எந்த நாளிலும் பூச முடியும். முத்திரையும் உறையும் இல்லாமல் நிற்கும் கறுப்புத் தலையால் எதையும் நிரூபிக்க முடியாது. அந்த இருபதையும் இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாக வருபவர்களுக்குக் காட்ட.

ஆகவே விதிகள் சில. கறுப்பு பூசியவை, கைமுத்திரை மேலச்சுகள், கட்டணச் சீட்டுகள் எல்லாம் முழு உறையில் மட்டும். உறை கட்டுப்படியாகாவிட்டால் முத்திரை முழுதாகத் தெரியும் உறைத் துண்டு, அதற்குக் கீழே இறங்காதீர்கள். நகரங்கள் அச்சடித்த தலைகளைப் புதுத்தலையாக வாங்கலாம், ஆனால் மறு அச்சு உள்ள ஊரா என்று பார்த்துவிட்டு.

படி 8: நிபுணர் சான்று

ஜெர்மனியில் 1958 முதல் தபால்தலைப் பரிசோதகர்களின் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. பே.பே.பே. என்று மூன்று எழுத்தில் குறிப்பிடுவார்கள். ஒவ்வொரு பரிசோதகருக்கும் குறிப்பிட்ட பகுதி உண்டு. அந்தப் பகுதிக்கு உரியவரா என்று பார்க்காமல் அனுப்பாதீர்கள். மலிவானவற்றுக்குப் பின்பக்கம் பெயர் முத்திரை, அடுத்த நிலைக்குச் சிறு அறிக்கை, மதிப்புள்ளவற்றுக்குப் படத்துடன் முழுச் சான்று.

பின்பக்க முத்திரை இருக்கும் இடத்துக்கும் அர்த்தம் உண்டு. நல்ல நிலையில் உள்ள தலைக்குக் கீழ் விளிம்பை ஒட்டி வைப்பார்கள், குறை இருந்தால் மேலே ஏறும். அந்தப் பெயர் முத்திரைகளையும் போலி செய்கிறார்கள் என்பதால், பரிசோதகர் பெயரையும் எழுத்துவடிவத்தையும் சரிபாருங்கள். பழைய காலத்துப் பரிசோதகர்கள் சிலர் தாராளமாகக் குத்தித் தள்ளியிருக்கிறார்கள். விலை அதிகமென்றால் புதிய சான்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எதற்கெல்லாம் சான்று வாங்க வேண்டும்? சான்றுக் கட்டணத்தைவிடப் பொருளின் விலை நான்கைந்து மடங்கு இருந்தால் வாங்குங்கள். அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு, படி 6-இன் சோதனையை வைத்து நீங்களே எழுதும் குறிப்புதான் சான்று.

படி 9: வைத்திருப்பதும் எழுதிவைப்பதும்

அக்காலத் தாளில் அமிலம் அதிகம். அது பழுப்பேறும், மடித்த இடத்தில் உடையும். மடிப்பைத் திரும்பத் திரும்பப் பிரிக்காதீர்கள். மென்மையான பி.வி.சி. உறைகளைத் தவிர்த்து, பாலியெஸ்டர் உறையில், அமிலமில்லாத அட்டை மேல் வையுங்கள். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஈரம்தான் முதல் எதிரி. பசையுள்ள புதுத்தலைகள் மழைக்காலத்தில் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, மாதம் ஒருமுறை ஆல்பத்தைத் திறந்து காற்றாட விடுங்கள். கறுப்பு பூசிய தலைகளையோ கைமுத்திரை மேலச்சுகளையோ தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிரிக்கவே கூடாது. மையும் போகும், சாட்சியும் போகும்.

பழைய பென்சில் குறிப்புகளை அழிக்காதீர்கள். முந்தைய சேகரிப்பாளர் எங்கே, எப்போது வாங்கினார் என்று அதில் இருக்கலாம்.

ஒவ்வோர் உறைக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். ஊர், தேதி, எங்கிருந்து எங்கே, கட்டணம் பிரித்துக் கணக்கு, தலை வகை, கேட்டலாக் எண், பின்பக்கம் என்ன, சந்தேகம் ஏதும் உண்டா. கடைசிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். என் கறுப்புத் தலை உறையின் சீட்டில் அந்தக் கட்டத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'பின்பக்க வரவு முத்திரை இல்லை. அதே ஊரின் 1945 ஜூன் முத்திரை இன்னொன்று கிடைத்ததும் அடையாள எழுத்தை ஒப்பிட வேண்டும்.'

அந்த இன்னொன்றைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.